சாம்பல் வானம், செங்கல் சுவர், சிரிக்காத முகம்: பிரிட்டிஷ் இண்டி வீடியோக்கள் ஏன் அப்படி?

கேள்வி இது: “பிரிட்டிஷ் இண்டி பேண்டுகளின் வீடியோக்கள் பத்துப் பன்னிரண்டு பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அதே செங்கல் வீடுகள், அதே மேகமூட்டம். ஒருத்தரும் சிரிப்பதில்லை, ஆடுவதில்லை. காசில்லாமல் இப்படி எடுத்தார்களா, வேண்டுமென்றே செய்கிறார்களா? எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?”

முதலில் காசில்லை, அதனால் அப்படி எடுத்தார்கள். அப்புறம் காசு வந்தது. வந்த பிறகும் காசில்லாதவர்கள் மாதிரியே எடுத்தார்கள். சுருக்கமான பதில் இவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டாம் பாதியில்தான் விஷயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

“இண்டி” (இன்டிபென்டென்ட் என்பதன் சுருக்கம்) என்றால் இன்று எல்லோரும் ஒரு ஒலியைத்தான் நினைக்கிறார்கள். ஒல்லியான பையன்கள், கிடார், மூக்கால் பாடுகிற குரல். தொடக்கத்தில் அது ஒலியின் பெயரே இல்லை, வியாபாரத்தின் பெயர். பெரிய கம்பெனிகளின் வழியாகப் போகாமல், தனி விநியோகஸ்தர்கள் மூலமாகக் கடைக்கு வருகிற ரெக்கார்டு எதுவோ அது இண்டி. 1980 ஜனவரியில் பிரிட்டனில் இதற்கென்று தனி விற்பனைப் பட்டியல் வந்தபோது இதுதான் அளவுகோல். அதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. பாப் பாடகி கைலி மினோக்கின் லேபிள், அதாவது ரெக்கார்டு கம்பெனி, பி.டபிள்யூ.எல். தனி விநியோகத்தில் போனதால், 1988-இல் அவருடைய பளபளப்பான பாப் பாட்டு இண்டி பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்தது. கறுப்புக் கோட்டும் கவிதைப் புத்தகமுமாகத் திரிந்த பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். இண்டி என்றதும் நமக்கு நினைவு வருகிற பிளர், இ.எம்.ஐ. குடும்பத்து பேண்ட். பல்ப் பேண்ட் பெரிய புகழடைந்தது ஐலண்ட் லேபிளில். அதற்குள் ஐலண்ட், பாலிகிராம் என்ற பெருங்கம்பெனியின் சொத்து. ஓயசிஸ் பேண்டின் கிரியேஷன் லேபிளில் 49 சதவீதப் பங்கு 1992-லேயே சோனி கைக்குப் போய்விட்டது. ஒப்பந்தக் காகிதத்தில் இண்டி இல்லை. அப்புறம் எங்கே இருந்தது? பார்வையில் இருந்தது. சட்டையில், முடியில், வீடியோவின் நிறத்தில் இருந்தது. நீங்கள் பார்த்த செங்கல் சுவர் ஒருவகையில் அடையாள அட்டை.

சரி, முதலிலிருந்து வருவோம். 1981 ஆகஸ்டில் அமெரிக்காவில் எம்.டி.வி. என்ற இசைச் சேனல் தொடங்கியது. நாள் முழுக்க ஓட்ட வீடியோ வேண்டும். பிரிட்டிஷ் பேண்டுகளிடம்தான் கையில் தயாராக இருந்தது. 1982-இல் பர்மிங்காம் பையன்களான டுரான் டுரான், ‘ரியோ’ பாட்டுக்காக ஆன்டிகுவா தீவுக்குப் போய், பட்டுப்போன்ற சூட் போட்டுக்கொண்டு, நீலக்கடலில் பாய்மரப் படகின் முனையில் நின்றார்கள். இண்டி வீடியோவின் மொத்த இலக்கணத்தையும் இந்த ஒரு படகுக்கு எழுதின எதிர்க்கடிதம் என்றே சொல்லிவிடலாம். அங்கே வெயில் என்றால் இங்கே மேகம். அங்கே வெளிநாடு என்றால் இங்கே பக்கத்துத் தெரு. பிரிட்டிஷ் தொழில் வட்டாரத்தில் மியூசிக் வீடியோவுக்கு வழங்கின பெயரே “புரோமோ”, அதாவது விளம்பரம். 1970-களின் முரட்டு ராக் இசையான பங்க் காலத்து ரெக்கார்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரே கசந்தது. விளம்பரத்தில் நடிக்க வெட்கப்படுகிறவன் கேமரா முன்னால் நின்றால் முகம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இந்த வீடியோக்களில் முகங்கள் இருக்கின்றன.

மான்செஸ்டரின் ஃபேக்டரி லேபிளில் இருந்து இரண்டு உதாரணம். ஜாய் டிவிஷன் பேண்டின் ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’ வீடியோ, 1980 ஏப்ரல் 28 அன்று ஒரு ஒத்திகைக் கூடத்தில் எடுத்தது. நிறம் சில இடங்களில் பழுப்படித்துப் போயிருக்கும். பாடகர் இயன் கர்டிஸ் மே 18 அன்று இறந்துபோனார். மூன்று வாரத்துக்குள் அந்த மங்கலான, அரைகுறை வீடியோ வேறொரு கனத்தைப் பெற்றுவிட்டது. தரக்குறைவு என்பது உண்மையின் அடையாளம் என்று ஒரு தலைமுறை நம்ப ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மிஞ்சியவர்கள் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 1985-இல் அவர்களுடைய ‘த பர்ஃபெக்ட் கிஸ்’ வீடியோவை இயக்கியவர் அமெரிக்க சினிமா இயக்குநர் ஜொனாதன் டெமி. ஒளிப்பதிவு ஆன்ரி அலெகான். பிரெஞ்சு சினிமாவின் பழம்பெரும் கை, 1946-இல் இயக்குநர் கொக்டோவின் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். இவ்வளவு பெரிய ஆட்களைக் கூட்டிவந்து என்ன எடுத்தார்கள்? பேண்ட் தன்னுடைய ஒத்திகை அறையில் பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாசிப்பதை. பத்து நிமிடத்துக்கும் மேல். வாயசைப்பு கிடையாது, நிஜமாகவே வாசிக்கிறார்கள். கேமரா முகத்தை நெருக்கமாகப் பார்க்கும், அப்புறம் விரலைப் பார்க்கும், மறுபடி முகம். கீபோர்டில் அடுத்து எந்தக் கட்டையை அழுத்தவேண்டும் என்று கில்லியன் கில்பர்ட் கவனிக்கிற கவனம் ஒன்று இருக்கிறது பாருங்கள், கணக்குப் பரீட்சை எழுதுகிற பிள்ளையின் முகம் அது. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. கோபத்தினால் இல்லை, வேலையில் இருப்பதால். இண்டி முகம் என்று நீங்கள் சொல்கிற அந்த உம்மென்ற முகத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அப்புறம் ஸ்மித்ஸ். 1982-இல் மான்செஸ்டரில் தொடங்கிய பேண்ட். வீடியோவே எடுக்கமாட்டோம் என்று முதலில் பிடிவாதமாக இருந்தார்கள். அமெரிக்காவில் அவர்களுடைய ரெக்கார்டுகளை வெளியிட்ட சைர் கம்பெனி, ‘ஹவ் சூன் இஸ் நவ்?’ பாட்டுக்கு அவர்களைக் கேட்காமலே ஒரு வீடியோவை ஒட்டுப்போட்டு வெளியிட்டது. தொழிற்சாலைக் காட்சிகள், கச்சேரித் துண்டுகள், ஆடுகிற ஒரு பெண். பாடகர் மாரிசிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. 1986-இல் இயக்குநர் டெரெக் ஜார்மன் அவர்களுடைய மூன்று பாட்டுகளை வைத்து சூப்பர் 8 (வீட்டுப் படம் எடுக்கிற சின்ன ஃபிலிம்) பாணியில் ஒரு குறும்படமே செய்தார். பேண்ட் அதில் ஆளாக வந்து நிற்கவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது 1987-இல் ‘ஸ்டாப் மீ’ பாட்டுக்கு டிம் பிராட் எடுத்த சைக்கிள் வீடியோ. அதற்குள் பேண்ட் உடைந்துபோய்விட்டது. மாரிசி மட்டும் சைக்கிளில் போகிறார். பின்னால் அவரைப் போலவே முடியைத் தூக்கிவாரி, கண்ணாடி போட்டுக்கொண்ட ஒரு ரசிகர் கூட்டம், ஆளுக்கொரு சைக்கிள். சால்ஃபர்டு, மான்செஸ்டர் தெருக்களில் சுற்றி, பேண்டின் புகழ்பெற்ற புகைப்படம் எடுத்த சால்ஃபர்டு லாட்ஸ் கிளப் வாசலுக்கு வருகிறார்கள். யோசித்தால் இது ஒரு ஊர்வலம். உற்சவமூர்த்தியும் அதே வேஷத்தில் கூடவே மிதிக்கிறார். நட்சத்திரம் மேலே, ரசிகன் கீழே என்கிற ஏற்பாட்டை இந்த வகை வீடியோ கலைத்துவிட்டது. பின்னால் வந்த எத்தனையோ வீடியோக்களில் பேண்டும் ரசிகர்களும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

அந்தச் செங்கல் வீடுகளுக்கு இன்னொரு மூலமும் உண்டு, சினிமா. 1950-களின் கடைசியிலும் 60-களின் தொடக்கத்திலும் வட இங்கிலாந்துத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிக் கறுப்பு வெள்ளையில் வரிசையாகப் படங்கள் வந்தன. சால்ஃபர்டுக்காரரான ஷீலா டிலேனி எழுதிய ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ 1961-இல் படமாகி வந்தது. அவருடைய புகைப்படத்தையே ஸ்மித்ஸ் ரெக்கார்டு உறையில் போட்டார்கள். ஆக, வீடியோவில் வருகிற அந்தச் சந்துகள் வெறும் கிடைத்த இடம் அல்ல. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய சினிமாவின் மேல் இருக்கும் ஏக்கமும் கலந்தவை.

மேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் சில வருடம் எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்தவன் என்பதால் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். கையில் லைட் இல்லாதவனுக்கு மேகமூட்டம் வரப்பிரசாதம். வானம் முழுக்க வெள்ளைத் துணி கட்டினதுபோல ஒளி பரவி விழும். மூக்கின் கீழ் கறுப்பு நிழல் விழாது. காலை பத்து மணிக்கு எடுத்த ஷாட்டும் மதியம் மூன்று மணிக்கு எடுத்த ஷாட்டும் ஒட்டினால் பொருந்தும். வெயில் அடித்தால் அரை மணிக்கொரு தரம் நிழல் நகரும், எடிட்டர் தலையில் கைவைப்பான். இங்கிலாந்தில் இது இலவசமாகக் கிடைத்தது. அழகியல் என்று பின்னால் பேர் வைத்தார்கள்.

வாயசைப்பும் ஒரு கதை. பி.பி.சி.யின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ 1964 முதல் 2006 வரை வாராவாரம் ஓடியது. அதில் பெரும்பாலும் வாயசைப்புத்தான். பாடுவதாக நடிக்கச் சொன்னால் நடிப்பது தெரிகிற மாதிரி நடிப்பது என்று இண்டி பேண்டுகள் வைத்துக்கொண்டன. 1983-இல் மாரிசி கிளாடியோலஸ் பூங்கொத்தைச் சுழற்றிக்கொண்டே பாடினார். 1995-இல் ஓயசிஸ் அண்ணன் தம்பி இடம் மாறிக்கொண்டார்கள்: பாடகர் லியம் கிடாரைப் பிடித்துக்கொள்ள, நோயல் லியமின் குரலுக்கு வாயசைத்தார். நேர்மையாக நடந்துகொண்டவர்களுக்கு நஷ்டம்தான். நியூ ஆர்டர் 1983-இல் ‘புளூ மண்டே’யை அங்கே நிஜமாகவே வாசித்தார்கள், ஒலி சொதப்பியது, அடுத்த வாரம் பாட்டு பட்டியலில் இறங்கியது.

வீடியோ எடுத்தே ஆகவேண்டிய நிலை வந்ததில் ‘த சார்ட் ஷோ’வுக்குப் பங்குண்டு. 1986-இல் சேனல் 4-இல் ஆரம்பித்து, 1989-இல் ஐ.டி.வி.க்குப் போய், 1998 வரை ஓடிய நிகழ்ச்சி. தொகுப்பாளரே கிடையாது, வீடியோக்களும் அவற்றின் மேல் வந்துபோகிற கம்ப்யூட்டர் எழுத்துகளும்தான். ராக், டான்ஸ், இண்டி என்று பட்டியல்கள் முறைவைத்து வரும். இண்டி முறை வருகிற வாரம், எங்கோ ஒரு ஊரில் மாடியறையில் வாசித்துக்கொண்டிருந்த பேண்டுக்கு நாடு முழுவதும் பார்க்கிற டி.வி.யில் சில நொடிகள் கிடைக்கும். அந்தச் சில நொடிக்கு எவ்வளவு செலவு செய்வார்கள்? நண்பனின் கேமரா, கடற்கரை, பழைய ஃபிலிம், மேலே ஒரு வண்ணப்பூச்சு. அந்தக் காலத்து இண்டி வீடியோக்கள் பாதி மங்கலாக இருப்பதற்கு இதைத் தவிரப் பெரிய தத்துவம் தேடவேண்டாம்.

1994-95-இல் பிரிட்பாப் என்று பிரிட்டிஷ் கிடார் பேண்டுகளின் அலை அடித்தபோது காசு கொட்டியது. பிளரின் ‘பார்க்லைஃப்’ வீடியோவில் நடிகர் ஃபில் டேனியல்ஸ் வீடுவீடாக இரட்டைக் கண்ணாடி ஜன்னல் விற்கிறவராக வருகிறார். அதை எடுத்த பெட்ரோ ரொமானியே அடுத்த வருடம் பல்பின் ‘காமன் பீப்பிள்’ வீடியோவையும் எடுத்தார், சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிக்குள் பாடகர் ஜார்விஸ் காக்கர். அந்தப் பாட்டே பணக்கார வீட்டுப் பெண் ஏழை மாதிரி வாழ்ந்து பார்க்க ஆசைப்படுவதைக் குத்துகிற பாட்டு. பெரிய கம்பெனிக் காசில் எளிமை வேஷம் போட்ட ஒரு அலையின் உச்சப் பாட்டு அதையே கேலி செய்தது என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஜார்விஸ் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் சினிமா படித்தவர். இந்தக் கலைக்கல்லூரிச் சங்கதியை மறக்காதீர்கள். பிளரின் இரண்டு பேர் லண்டன் கோல்டுஸ்மித்ஸ் கல்லூரியில் படித்தவர்கள், அங்கே படித்த ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட்தான் ‘கன்ட்ரி ஹவுஸ்’ வீடியோவை இயக்கினார். மலிவான நகைச்சுவைக் காட்சிகள், அரைகுறை ஆடைப் பெண்கள். பிளரின் கிடாரிஸ்ட் கிரகாம் காக்ஸனுக்கே அது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

அதற்குப் பிராயச்சித்தம் மாதிரி 1999-இல் ‘காஃபி அண்ட் டி.வி.’ வந்தது. ஹேமர் அண்ட் டாங்ஸ் என்ற இரட்டையர் எடுத்தது. காணாமல்போன காக்ஸனின் படம் அச்சிட்ட ஒரு பால் பாக்கெட், கைகால் முளைத்து, அவரைத் தேடி வீட்டைவிட்டுப் புறப்படுகிறது. வழியில் ஒரு ஸ்ட்ராபெரிப் பால் பாக்கெட்டோடு காதல். அது ஒரு கால் மிதியில் நசுங்கிப் போகிறது. கடைசியில் ஒரு வீட்டுக்குள் பேண்ட் வாசித்துக்கொண்டிருக்கிறது. காக்ஸன் பாக்கெட்டில் தன் படத்தைப் பார்க்கிறார், பாலைக் குடிக்கிறார், காலி பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். பாக்கெட் சிறகு முளைத்து மேலே போகிறது. பேண்ட் ஓரத்தில், கதை நடுவில், கதாநாயகன் மளிகைக்கடைப் பொருள். இண்டி கூச்சம் இதைவிட அழகாக வெளிப்பட்டதில்லை.

நடை தனி வகை. 1997-இல் வெர்வ் பேண்டின் ‘பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி’: பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் கிழக்கு லண்டனின் ஹாக்ஸ்டன் தெருவில் நேரே நடக்கிறார். யாருக்கும் ஒதுங்கமாட்டார். எதிரே வருகிறவர்களைத் தோளால் இடிக்கிறார், ஒரு காரின் மேல் ஏறிப் போகிறார், காருக்குச் சொந்தக்காரப் பெண் துரத்திவந்து சண்டை போட்டாலும் நடை மாறுவதில்லை. ஒரே ஷாட் போல மனதில் நிற்கும், உண்மையில் நிறைய கட் உண்டு. இதன் தாய் மாஸிவ் அட்டாக் குழுவின் ‘அன்ஃபினிஷ்டு சிம்பதி’, 1991. அதில் பாடகி ஷாரா நெல்சன் லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் நிஜமாகவே ஒரே ஷாட்டில் நடப்பார், ஆனால் யாரையும் இடிக்கமாட்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஷாரா துக்கத்தில் நடக்கிறார், ஆஷ்கிராஃப்ட் திமிரில் நடக்கிறார். 1998 கால்பந்து உலகக் கோப்பை சமயத்தில் வந்த ‘வின்டலூ’ வீடியோ இந்த நடையைக் கிண்டல் செய்தது. கிண்டல் வந்துவிட்டது என்றால் வழக்கமாகிவிட்டது என்று அர்த்தம்.

2005-இல் ஷெஃபீல்டுப் பையன்கள் ஆர்க்டிக் மங்கீஸ், நிஜ இண்டி லேபிளான டாமினோவில், முதல் பெரிய பாட்டுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய டி.வி. ஸ்டுடியோ கேமராக்களைத் தேடிப் பிடித்து, 1970-80-களின் பி.பி.சி. இசை நிகழ்ச்சி போல எடுத்தார்கள். ஆரம்பத்தில் பேண்ட் பெயரையும் பாட்டின் பெயரையும் சொல்லிவிட்டு, “பரபரப்பை நம்பாதீர்கள்” என்று ஒரு வரி. அப்புறம் வாசிப்பு. பாட்டு முதலிடத்துக்குப் போனது. வேறு வழியில்லாமல் வந்த மங்கல் அல்ல இது. தேடிப்போய் வாங்கிய மங்கல்.

ஒரு விஷயம் உறுத்தும். இந்தச் சாம்பல் தெருக்களில் நடக்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் வெள்ளைக்காரப் பையன்கள். இதை உள்ளிருந்தே உடைத்தவர் நமக்குத் தெரிந்தவர்தான். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி லண்டன் திரும்பியவர். அவரும் செயின்ட் மார்ட்டின்ஸ் மாணவிதான், சினிமா. பிரிட்பாப் பேண்ட் எலாஸ்டிகாவின் 2000-ஆம் வருட ஆல்பத்துக்கு உறை செய்தார், அவர்களுடைய சுற்றுப்பயணத்தைக் கேமராவில் பதிவு செய்தார். எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் கொடுத்த இசைக்கருவியில்தான் தன் முதல் பாட்டுகளைக் கட்டினார். எக்ஸ்.எல். என்ற இண்டி லேபிளில் சேர்ந்து ‘கலாங்’ வீடியோ வந்தபோது, அதில் சாம்பல் வானம் இல்லை. அவர் கையால் வெட்டின ஸ்டென்சில் படங்கள்: பீரங்கி வண்டி, புலி, கண்ணைப் பறிக்கிற நிறங்கள். முன்னால் அவர் ஆடுகிறார். செலவில்லாமல் தானே செய்தது என்ற வகையில் அது முழுக்க இண்டி. கூச்சம் என்பது மட்டும் கிடையாது. 2006-இல் ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் உறுமி அதிர்ந்தபோது, இண்டி என்ற சொல்லுக்குள் இதுவும் அடங்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது எப்படி? 2021-இல் வைட் தீவைச் சேர்ந்த வெட் லெக் என்ற இரண்டு பெண்கள், நீளக் கவுனும் வைக்கோல் தொப்பியுமாக, ‘ஷேஸ் லாங்’ வீடியோவைத் தாங்களே எடுத்தார்கள். முகத்தில் அதே உம். ஆனால் உள்ளே சிரிப்பை அடக்குகிறார்கள் என்பது தெரியும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். நான் ரேடியோஹெட் பேண்டின் ‘ஜஸ்ட்’, 1995, என்பேன். ஜேமி த்ரேவ்ஸ் எடுத்தது. லண்டனில் ஒருவர் நடைபாதையில் படுத்துக்கொள்கிறார். கூட்டம் கூடுகிறது, ஏன் படுத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், பேச்செல்லாம் திரையில் எழுத்தாக வருகிறது. சொல்லமாட்டேன் என்கிறார், கெஞ்சுகிறார்கள், கத்துகிறார்கள். மேலே மாடியில் பேண்ட் வாசித்துக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறது. கடைசியில் அவர் சொல்கிறார். உதடு அசைகிறது, எழுத்து மட்டும் வரவில்லை. அடுத்த ஷாட்டில் எல்லோரும் தரையில் படுத்திருக்கிறார்கள். அவர் சொன்னது என்ன என்பதை இயக்குநரும் பேண்டும் இன்றுவரை சொன்னதில்லை. இது பிடித்தால் அன்றைக்கே ‘பர்ஃபெக்ட் கிஸ்’ பாருங்கள், போனில் வேண்டாம், கொஞ்சம் பெரிய திரையில், கில்லியனின் விரல்கள் தெரிகிற அளவுக்கு.